மூன்று தப்பு உயரம்!

குழந்தைக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்த அநுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் அந்தக் காட்சி மறந்திருக்காது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸீட்டைப் பிடித்தபடி மூச்சு வாங்கப் பின்னால் ஓடுகிறோம். "விட்டுடாதே அம்மா!" என்று குழந்தை அலறுகிறது. "விடவில்லை, விடவில்லை!" என்று சொல்லிக்கொண்டே நாம் கையை எடுத்து விடுகிறோம். தாய்மார்கள் சொல்லும் பொய்களில் புண்ணியக் கணக்கில் சேரக்கூடியது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சைக்கிளுக்கு ஸீட் இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம். ஆகாயத்தில் பறக்கும் விமானத்தை எதைப் பிடித்துக்கொண்டு கற்றுக் கொடுப்பது? அதுவும், கற்றுக்கொள்கிறவர் விமானத்துக்குள் உட்காராமல் தரையில் நின்றுகொண்டு, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, ரேடியோ அலையால் ஓட்டுகிற குட்டி விமானமாக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி நானாகப் போகவில்லை. என் பெண் இழுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் யாரோ ஒரு ரேடியோ விமானத்தைப் பறக்க விட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. "எனக்கும் அது வேண்டும்" என்றாள். அவளுடைய அப்பா விலையை விசாரித்தார். ஒரு நல்ல பட்டுப் புடவைக்கு ஆகிற பணம் ஆகுமென்று தெரிந்தது. "புடவையை ஒரு நாளில் உடைக்க முடியாது, இதை ஒரு நிமிஷத்தில் உடைக்கலாம்" என்று அவர் பயமுறுத்தினார். என் மாமியாரோ, "பெண் குழந்தைக்குப் பட்டம் விடவே இடம் இல்லை. இவள் விமானம் விடப் போகிறாளாக்கும்!" என்று சிரித்தார்.

எனக்கு இருந்த கவலை வேறு. என் பெண்ணிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை ஆரம்பித்தாலும் முதல் தடங்கலிலேயே, "நீயே பண்ணிடு அம்மா" என்று கொடுத்துவிடுவாள். கணக்கானாலும் சரி, பின்னலானாலும் சரி, சப்பாத்தி இடுவதானாலும் சரி. விமானத்தை யாரிடம் கொடுப்பாள்?

ஊருக்கு வெளியே, கோடையில் வறண்டு கிடக்கும் ஓர் ஏரித் தரையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு பெரியவர் இதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அதனால் ஆசிரியர் என்றே சொல்கிறேன்.

முதலில் பொம்மை விளையாட்டு

"விமானம் வாங்கிவிட்டீர்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும், "நல்லது. ஒரு மாதம் வாங்காதீர்கள்" என்றார்.

கம்ப்யூட்டரில் பாவனையாக விமானம் ஓட்டும் ஏற்பாடு இருக்கிறது. ரிமோட் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், திரையில் தெரியும் விமானம் நம் கைக்குக் கட்டுப்பட்டுப் பறக்கும். விழுந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். புது விமானம் வந்துவிடும். என் பெண் முதல் நாளில் முப்பத்தேழு விமானங்களை நொறுக்கினாள். அவளுடைய அப்பா ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கணக்கை மறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து வாங்கியது, தெர்மோகோலைப் போல லேசாக, ஆனால் அதைவிட உறுதியாக இருக்கும் ஒரு வகை நுரையால் ஆன விமானம். இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒன்றேகால் மீட்டர். எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஆரம்பக்காரர்களுக்கான விமானத்துக்குச் சில லட்சணங்கள் உண்டு. இறக்கை உடலுக்கு மேலே பொருத்தியிருக்க வேண்டும். இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கித் தூக்கியிருக்க வேண்டும். அப்படியிருந்தால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும், கையை எடுத்தவுடன் பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். போர் விமானம் மாதிரி அழகாக இருப்பதை வாங்கினீர்களோ, போச்சு! அது சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

விமானத்தின் கனம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் ஏறக்குறைய கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் விரல் நுனியைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்துத் தொங்கினால் அதைப் பறக்க விடவே கூடாது. அடங்காப்பிடாரியாகிவிடும்.

இடம் எது, வலம் எது?

ரிமோட் பெட்டியில் இரண்டு குச்சிகள். பெரும்பாலான பெட்டிகளில் இடது குச்சி மோட்டாரின் வேகத்தையும் வாலிலுள்ள சுக்கானையும் பார்த்துக்கொள்கிறது. வலது குச்சி விமானத்தின் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும். இறக்கையைப் பக்கவாட்டில் சாய்க்கும். திரும்புவதற்கு வலது குச்சியை லேசாகப் பக்கவாட்டில் தட்டி, சற்றே பின்னுக்கு இழுக்க வேண்டும். பின்னுக்கு இழுக்க மறந்தால், திரும்பும்போதே விமானம் இறங்கிக்கொண்டு வரும்.

இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். ஆனால் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் இடது பக்கம் நமக்கும் இடது பக்கம். அது திரும்பி நம்மை நோக்கி வந்ததோ, எல்லாம் தலைகீழ்! கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தலையில் பூ வைத்துக்கொள்ளும்போது கை தடுமாறுகிறதல்லவா, அதே சங்கடம். இடது பக்கம் திருப்ப நினைத்து வலது பக்கம் திருப்பி, பதறி இன்னும் அதிகமாகத் திருப்பி, விமானத்தைத் தரையில் குத்துகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கு ஆசிரியர் ஒரு சுலபமான வழி சொன்னார். "விமானம் உன்னை நோக்கி வரும்போது இடம் வலம் யோசிக்காதே, குழந்தை. எந்தப் பக்கத்து இறக்கை தாழ்ந்திருக்கிறது என்று மட்டும் பார். அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடு."

நானும் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது!

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. விமானம் கீழே இறங்குகிறது என்றால், மூக்கைத் தூக்கத்தான் யாருக்கும் தோன்றும். வேகம் குறைந்திருக்கும் சமயத்தில் அப்படித் தூக்கினால் இறக்கை காற்றைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். விமானம் கல்லைப் போல விழ ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, மனசுக்கு ஒப்பாத காரியம்: மூக்கை இன்னும் கீழே தாழ்த்தி, வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, பிறகு மெதுவாக உயர்த்த வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு பேச்சு உண்டு: 'மூன்று தப்பு உயரத்தில் பறக்க விடு.' முதல் தப்புச் செய்யலாம். அதைத் திருத்தப் போய் இரண்டாவது தப்புச் செய்யலாம். பயத்தில் மூன்றாவதும் செய்யலாம். அதற்குப் பிறகும் விமானத்துக்கும் தரைக்கும் நடுவே இடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

கொடுக்கும் விரல், எடுக்கும் விரல்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகாயத்தில் ஸீட்டைப் பிடிப்பது எப்படி?

இரண்டு ரிமோட் பெட்டிகள். ஒன்று ஆசிரியர் கையில், மற்றொன்று மாணவி கையில். இரண்டையும் ஒரு ஒயரால் இணைக்கிறார்கள்; இப்போது ஒயர் இல்லாமலும் இணைக்கலாம். ஆசிரியர் பெட்டியின் தலைப்பில் ஒரு ஸ்விச்சு இருக்கிறது. அதை அவர் ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் விமானம் மாணவியின் சொல்படி கேட்கும். விரலை விட்ட அந்தக் கணமே அது ஆசிரியர் வசம் வந்துவிடும். இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் ஆசிரியர் பக்கத்தில் நின்று, ஆபத்து வந்தால் பெட்டியையே பிடுங்க வேண்டியிருந்ததாம். பிடுங்கி முடிப்பதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடும்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. உலக வழக்கத்தில் பிடித்துக்கொண்டால் நம்முடையது, விட்டுவிட்டால் பிறருடையது. இங்கே, பிடித்திருந்தால் கொடுத்ததாக அர்த்தம். விட்டால் எடுத்துக்கொண்டதாக அர்த்தம்!

முதல் ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியரே விமானத்தைக் காற்றுக்கு எதிராக ஓடவிட்டுக் கிளப்பினார். நன்றாக உயரே கொண்டுபோய், "உன்னிடம் தருகிறேன்" என்று சொல்லி விரலை இழுத்தார். ஐந்து விநாடி ஒழுங்காகப் போயிற்று. பிறகு இறக்கை சாய்ந்தது. என் பெண் குச்சியை ஒரு முழுத் தள்ளாகத் தள்ளினாள். விமானம் மறு பக்கம் விழுந்தது. அவள் முகம் வெளுத்தது.

"சார், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்!" என்றாள். வீட்டில் தினமும் நான் கேட்கும் அதே குரல்.

"எடுத்துக்கொள்ளுங்களேன்!" என்று நானும் கத்திவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கண் விமானத்தின் மேலேயே இருந்தது. "குழந்தை, என் விரல் இங்கேதான் இருக்கிறது. நீ கேட்கும்போது எடுக்க மாட்டேன், அவசியப்படும்போது எடுப்பேன். இப்போது குச்சியை விட்டுவிடு. சும்மா விடு" என்றார்.

அவள் விட்டாள். ஒரு விநாடி, இரண்டு விநாடி... நல்ல லட்சணமுள்ள அந்த விமானம் தானாக நிமிர்ந்துகொண்டது. அவள் மெதுவாக, இந்தத் தடவை தட்டுவது போலத் தொட்டு, அதைத் திருப்பினாள்.

பிறகு நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "முதல் தப்பிலேயே நான் எடுத்துக்கொண்டால், குழந்தை ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும் அம்மா: தனக்கு வராது என்பதை. மூன்றாவது தப்புக்குப் பிறகும் எடுக்காவிட்டால் விமானம் போய்விடும். இரண்டுக்கும் நடுவே எங்கே விரலை விடுவது என்பதுதான் என் தொழில். விமானம் ஓட்டுவது அதைவிட லேசு."

நான் மோரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் நான் முதல் தப்பு வரைக்கும்கூடப் பொறுத்ததில்லை என்று தோன்றியது. சப்பாத்தி கோணினவுடனே குழவியைப் பிடுங்கியவள் நான்தானே?

துணிக் கிளிப்பும் அட்லாண்டிக் கடலும்

அந்த நிழலில் கேட்ட கதைகளை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள கலமஸூ என்ற ஊரில், வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். 1937-ல் அவர்கள் 'கஃப்' என்று பெயரிட்ட தங்கள் மாதிரி விமானத்தை ரேடியோவால் கட்டுப்படுத்திப் பறக்க விட்டார்கள். இந்த விளையாட்டின் முன்னோடிகளில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு. அந்த விமானம் அமெரிக்காவின் தேசிய விமான, விண்வெளிப் பொருட்காட்சிச் சாலையின் சேகரிப்பில் இருக்கிறது.

பிற்காலத்தில் ஆட்டக்காரர்கள் பெருகியபோது ஒரு தொல்லை வந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பெட்டியைத் திறந்தால், ஒருவர் விமானம் மற்றொருவர் பேச்சைக் கேட்டு விழுந்துவிடும். இதற்குச் சங்கங்கள் கண்டுபிடித்த பரிகாரம் என்ன தெரியுமா? நாம் கொடியில் துணி உலர்த்தப் போடும் கிளிப்! ஒவ்வொரு கிளிப்பிலும் ஓர் அலைவரிசையின் எண்ணை எழுதிப் பலகையில் மாட்டியிருப்பார்கள். கிளிப் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பெட்டியைத் திறக்கலாம். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் தங்கள் விமானத்தோடு மட்டும் பேசிக்கொள்கின்றன. கிளிப்புகள் கொடிக்கே திரும்பிவிட்டன.

மேனார்டு ஹில் என்பவரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவருக்கு எழுபத்தேழு வயது, கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, காதும் மந்தம். ஐந்து கிலோவுக்கும் குறைவான ஒரு பால்ஸா மர விமானத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்ட வைப்பது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோற்றன. 2003 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம், நடுக்கடலில் தானியங்கிக் கருவியின் உதவியால் வழி பார்த்துக்கொண்டு, 38 மணி 52 நிமிஷம் பறந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அயர்லாந்தில் இறங்கியது! அங்கே தரையில் நின்றவர்கள் ரேடியோவால் அதைக் கைப்பற்றி இறக்கினார்கள். தப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

வீட்டுக்காரிக்கு நாலு வார்த்தை

உங்கள் வீட்டிலும் இந்த ஆசை முளைத்திருந்தால், சில ஜாக்கிரதைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விமானங்களில் போடும் லித்தியம் பாட்டரி சாதுவாகத் தோன்றும். அலட்சியம் செய்தால் நெருப்பாகும். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். தீப்பிடிக்காத தரையில் வைத்து, திரைச்சீலை, மெத்தையிலிருந்து விலக்கி, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டும். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. உப்பின பாட்டரியை மறுபடி உபயோகிக்காதீர்கள்.

முன்னாலுள்ள விசிறி மோட்டார், மிக்ஸியின் கத்திக்குச் சற்றும் குறைந்ததல்ல. பாட்டரியை இணைத்துவிட்டால், விசிறி நின்றுகொண்டிருந்தாலும் ஓடுவதாகவே எண்ணி விரலை விலக்கி வைக்க வேண்டும். எப்போதும் முதலில் கைப் பெட்டியைத் திறந்து, பிறகே விமானத்தில் பாட்டரியை மாட்ட வேண்டும். கழற்றும்போது முதலில் விமானம், பிறகு பெட்டி.

மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ விடுகிற விளையாட்டல்ல இது. ஜன நடமாட்டமில்லாத வெட்டவெளி வேண்டும். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட விதிகள், ஆகாயத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுத்திருக்கின்றன. விமான நிலையங்களுக்கு அருகில் அனுமதியின்றிப் பறக்க விடக் கூடாது. பச்சைப் பகுதியிலும் பொதுவாக 400 அடிதான் வரம்பு. விதிகள் அவ்வப்போது மாறுவதுண்டு. புறப்படுமுன் அந்த வரைபடத்தையும் விதிகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது உத்தமம்.

ஒயரைக் கழற்றிய நாள்

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை விமானம் ஒரு தடவை விழுந்தது. இறக்கும்போது, தரைக்கு மிக அருகில், ஆசிரியர் விரலை விட்டும் பிரயோசனப்படாத உயரத்தில், மூக்கு மண்ணில் குத்தியது. விசிறி ஒடிந்தது, மூக்கு பிளந்தது. "என் தப்பு. ஒரு விநாடி தாமதித்துவிட்டேன்" என்றார் ஆசிரியர். என் பெண் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, அன்று மாலை தானே பசை போட்டு ஒட்டி, மேலே நாடா சுற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை கஷ்டமான காரியம் அது என்று உங்களில் பல பேருக்குத் தெரியும்.

இறக்குவதுதான் இதில் கடைசிப் பாடம். காற்றுக்கு எதிராக விமானத்தைத் திருப்பி, மோட்டார் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இறக்கையைச் சமமாக வைத்து, தரைக்கு ஓரடி உயரத்தில் மூக்கை மயிரிழை உயர்த்த வேண்டும். இடம் போதாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் மோட்டாரைக் கூட்டி மறுபடி மேலே போய்விட வேண்டும். ஆயிரம் தடவை சுற்றி வந்தாலும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

பத்தாவது ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் ஒன்றும் பேசாமல் ஒயரைக் கழற்றினார். தம் பெட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் கிளப்பினாள். மூன்று சுற்று வந்தாள். இறக்க வந்தவள், உயரம் அதிகமென்று மறுபடி மேலே போனாள். இரண்டாம் தடவை வந்தாள். வேகம் குறைந்தது, இறக்கை ஒரு பக்கம் தாழ்ந்தது, அவள் முட்டுக் கொடுத்தாள். சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு தடவை துள்ளி, ஓடி நின்றது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விமானத்தை எடுத்து வர ஓடினாள்.

வீட்டில் இப்போது அவள் இடும் சப்பாத்தி இலங்கைப் படம் மாதிரி இருக்கிறது. குழவி அவள் கையில்தான் இருக்கிறது. நாங்கள் அப்படியே சாப்பிடுகிறோம்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். சென்ற வாரம் என் மாமியாரும் ஏரிக்கு வந்திருந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்து, வெகு நேரம் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவலையோடு என் புடவையை இழுத்து, "ஏண்டி, இன்னும் கொஞ்சம் மேலே போகச் சொல்லேன் அவளை. அது இரண்டு தப்பு உயரம்தான் இருக்கும் போலிருக்கிறதே!" என்றார்.